பிப்ரவரிக்கு முந்தைய ஜூன்

மியூரியல் கேட்ச்போலுக்கு அறுபத்து மூன்றாம் வயதில் இந்த உலகத்தில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். ஓய்வுபெற்ற லத்தீன் வாத்தியார் துர்லோ, அவள் எழுதிய ஒரு துண்டுச் சீட்டைப் பார்த்துவிட்டு, ஒரே ஒரு தடவை, மறுபேச்சுப் பேச முடியாமல் நிற்க வேண்டும். பேரப்பிள்ளைகள், பென்ஷன், முழங்கால் வலி எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இது என்ன பெரிய ஆசை என்று கேட்பவர்களுக்கு துர்லோவைத் தெரியாது. எங்கள் ஸ்டாக்லிங்கில் தெரியாதவர்கள் கிடையாது. மழை வரும் போலிருக்கிறதே என்று பேச்சுக்குச் சொன்னால், "வராது, காத்து வடமேற்கு" என்பார். வந்து நனைத்துவிட்டால், "இதுக்குப் பேர் மழையில்லை, தூறல்" என்பார். தபால் நிலையத்தில் வரிசையில் நிற்கும்போது அவருக்குப் பின்னால் நிற்க நேர்ந்தால் போச்சு, தபால்தலை வாங்குவதற்குள் நாலு விஷயத்தில் நாம் முட்டாளாகிவிடுவோம்.

மியூரியல் இருபத்திரண்டு வருஷம் அந்த ஆளுக்குச் சோறு போட்டவள். ஆண்கள் உயர்நிலைப் பள்ளியின் சமையற்கூடத்தில் தினம் முந்நூறு தட்டு. திங்கள் கொத்துக்கறி, வெள்ளி மீன், நடுவில் முட்டைகோஸ் வேகும் வாடை. காலையில் எட்டு மணிக்கு வந்து, அன்றைய சாப்பாடு என்னவென்று கரும்பலகையில் வெள்ளைச் சாக்கட்டியால் எழுதி மாட்டுவாள். பதினொன்றரைக்கு துர்லோ அந்தப் பக்கம் நடந்து போவார். கோட்டுப் பையில் சிவப்புச் சாக்கட்டி. எழுத்துப்பிழை இருந்தால், இருக்கத்தானே செய்யும், பதினாலு வயதில் பள்ளியை விட்டுப் பண்ணை வேலைக்குப் போனவள், நின்று நிதானமாக வட்டம் போடுவார். பையன்கள் வரிசையில் நின்று பார்த்துச் சிரிப்பார்கள்.

"மிஸஸ் கேட்ச்போல், காலிஃபிளவர் பாவம். ரெண்டு எழுத்தை வெட்டிட்டீங்களே."

"சாப்பிட்டுப் பாருங்க, குறைஞ்சது தெரியாது" என்று பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் பதில் அவளுக்கு மூன்று மணிக்குப் பெரிய அண்டாவைத் தேய்க்கும்போதுதான் தோன்றும். இருபத்திரண்டு வருஷமாக எல்லாப் பதிலும் அவளுக்கு அண்டா தேய்க்கும்போதுதான் தோன்றியது. அந்த எரிச்சல் எங்கே போகும்? வயிற்றுக்குள்ளேயே கிடந்தது.

அவள் சொற்களின் பக்கம் போனதே ஒரு புட்டிங்கால்தான். பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு சமையல் கையேட்டில் புட்டிங் ஒன்றின் பெயரைப் பார்த்தாள். நூலகத்துக்குப் போய்ப் பெரிய அகராதியில் தேடினால், அந்தப் பெயர் அந்தக் கையேட்டுக்கு ஐம்பது வருஷம் கழித்துத்தான் முதன்முதலில் எழுதப்பட்டதாகப் போட்டிருந்தது. சரி, சொல்லிவைப்போமே என்று அகராதிக்காரர்களுக்கு ஒரு கடிதம் போட்டாள். பத்தாம் நாள் தட்டச்சு செய்த பதில் வந்தது. அன்புள்ள திருமதி கேட்ச்போல், நீங்கள் சொன்னது சரி, எங்களிடம் இருந்தது தவறு, மிக்க நன்றி. அவ்வளவுதான். அந்தத் தாளை அவள் ரொட்டி டப்பாவுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஒரு மாதம் தினமும் எடுத்துப் படித்தாள். அவள் சரி, இன்னொருத்தர் தவறு என்று யாரும் அவளுக்கு அதற்கு முன் எழுதித் தந்ததில்லை.

அப்புறம் விடுவாளா? அகராதிக்குச் சான்று அனுப்பும் தொண்டர்களில் ஒருத்தியானாள். பழைய எழுத்தைப் படிக்க மாலை வகுப்பில் சேர்ந்து, ஐந்து குளிர்காலம், பனியில் சைக்கிள் மிதித்துப் போய்க் கற்றாள். நானூறு வருஷத்துக்கு முந்தைய கையெழுத்து, கோழி கிளறினது போலிருக்கும். அதை அவள் செய்தித்தாள் போலப் படித்தாள். செவ்வாயும் வெள்ளியும் ஒன்பது இருபது பேருந்தைப் பிடித்து மாவட்ட ஆவணக் காப்பகத்துக்குப் போவாள். ஒரு சொல் தென்பட்டால், உள்ளங்கை அகலத் துண்டுச் சீட்டில் சொல், வாக்கியம், எந்த ஆவணம், என்ன தேதி என்று எழுதி அனுப்புவாள்.

அவள் கணவன் ஸ்டான்லி, மால்ட் ஆலையில் லாரி ஓட்டியவன், இதை ஆரம்பத்திலிருந்தே ஒரு மாதிரியாகத்தான் பார்த்தான்.

"அதுல உன் பேர் போடுவாங்களா, மியூரி?"

"போட மாட்டாங்க."

"காசு குடுப்பாங்களா?"

"தர மாட்டாங்க."

"அப்போ பஸ் செலவு?"

"நம்ம செலவுதான்."

"நல்லா இருக்கு," என்று சொல்லிவிட்டு வெங்காயப் பாத்திக்குப் போய்விட்டான். போனவன் சும்மா இருந்தானா? ஊர் மதுக்கடையில் நாலு பேர் நடுவில் உட்கார்ந்து, என் பெண்டாட்டி அகராதிக்கு எழுதறா தெரியுமா என்று பீற்றிக்கொண்டான். பக்கத்து மேசையில் துர்லோ. அப்போதுதான் ஓய்வு பெற்று, யாரைத் திருத்துவது என்று தெரியாமல் கை அரித்துக்கொண்டிருந்த மனுஷன்.

"என்ன எழவுக்குய்யா அந்த ஆள் காதுல போட்டே?" என்று மியூரியல் தலையில் அடித்துக்கொண்டாள். "ஊர்ல வேற ஆளே கெடைக்கலையா உனக்கு?"

"எனக்கென்ன தெரியும், பெருமையாச் சொன்னேன்," என்றான் அவன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஒன்பது இருபது பேருந்தின் முன்னிருக்கையில் துர்லோ உட்கார்ந்திருந்தார். மடியில் தோல்பை, பையில் புதுப் பென்சில் ஆறு. "காலை வணக்கம், மிஸஸ் கேட்ச்போல். நானும் அகராதிக்கு எழுதலாம்னு இருக்கேன். படிச்சவங்க ஒருத்தராவது வேணுமில்லையா," என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அதுதான் பற்றிக்கொண்டு வந்தது அவளுக்கு.

காப்பகத்தின் வாசிப்பு அறையில் ஜன்னலோரம் ஒரே ஒரு மேசை. வெளிச்சம் அங்கேதான் நன்றாக விழும். அதற்குப் போட்டி. பூதக்கண்ணாடிகள் மூன்று, ஒன்றுதான் கீறல் விழாதது. அதற்குப் போட்டி. பேருந்து நின்றதும் இருவரும் நடக்கும் நடையைப் பார்க்க வேண்டுமே! ஓடினால் மரியாதையில்லை, மெதுவாகப் போனால் மேசை போய்விடும். அறுபத்து மூன்று வயது முழங்காலும் அறுபத்தெட்டு வயது இடுப்பும், இரண்டும் நொண்டாதது போல நடித்துக்கொண்டு படியேறும். இதை வாரம் இரண்டு தடவை பார்த்த காப்பகப் பெண் மிஸ் ப்ரைக், "அந்த மேசையை ரெண்டா அறுத்துடட்டுமா?" என்று ஒரு நாள் கேட்டேவிட்டாள்.

அவர் மாலை வகுப்புக்கு மட்டும் வரவில்லை. தன் தோழிதான் வகுப்பு நடத்துகிறாள், சேர்ந்துகொள்ளுங்களேன் என்று மிஸ் ப்ரைக் சொன்னபோது, "முப்பத்தஞ்சு வருஷம் வகுப்பு எடுத்தவன் நான். இனிமே பெஞ்சுல உக்காரச் சொல்றீங்களா?" என்றார். ஒரு புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு தானே படித்துக்கொண்டார்.

எண்பத்து மூன்றாம் வருஷம் ஜனவரியில் அகராதி அலுவலகத்திலிருந்து தொண்டர்கள் எல்லோருக்கும் ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒரு வினைச்சொல்லுக்கு இன்னும் பழைய சான்று தேவை, மார்ச் முடிவதற்குள் அனுப்புங்கள் என்று. ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து, vie. உச்சரிப்பு தமிழ் 'வை' போலவே இருக்கும். ஒருத்தரோடு ஒருத்தர் போட்டி போடுவது என்று அர்த்தம். இன்றைக்குப் பத்திரிகைக்காரர்கள்தான் அதை அதிகம் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். கோப்பைக்காக இரண்டு கால்பந்து அணிகள் அப்படிச் செய்யும், ஒரு நாற்காலிக்காக இரண்டு அமைச்சர்கள் அப்படிச் செய்வார்கள். அதன் ஆதி சீட்டாட்ட மேசை. கையிலிருக்கும் சீட்டை நம்பிப் பந்தயத்தை எதிராளிக்கு மேல் உயர்த்துவது, தைரியமிருந்தால் இதற்கு மேல் வா என்பது. அந்தச் சீட்டாட்டப் பொருளில் யார் மிகப் பழைய வாக்கியத்தைக் கொண்டுவருகிறார்களோ, அவர்களுடைய சான்று அந்தச் சொல்லின் தலையில் முதலாவதாக அச்சேறும்.

"என்வின்னு ஒரு சொல் இருக்கில்ல, பொறாமை, அதுலேருந்து வந்ததா இருக்கும்," என்று மியூரியல் அன்று வாய்தவறி மிஸ் ப்ரைக்கிடம் சொல்லிவிட்டாள்.

ஜன்னலோர மேசையிலிருந்து குரல் வந்தது. "தப்பு."

"உங்களை யாரும் கேக்கலை, மிஸ்டர் துர்லோ."

"தப்பைக் கேட்டுட்டுச் சும்மா இருக்க முடியாது, மிஸஸ் கேட்ச்போல். லத்தீன்ல அது அழைக்கிறது. விருந்துக்கு வான்னு கூப்பிடறோமே, அந்தச் சொல். பிரெஞ்சுக்காரங்க கையில அது சண்டைக்கு வான்னு கூப்பிடறதாச்சு. நம்ம ஆளுங்க அதோட தலையை வெட்டிட்டு வாலை மட்டும் வெச்சுக்கிட்டாங்க. என்விங்கறது வேற லத்தீன், வேற வேர். ரெண்டையும் போட்டுக் குழப்பறது படிக்காதவங்க வழக்கம்."

மிஸ் ப்ரைக் பென்சிலால் மேசையைத் தட்டினாள். மியூரியலுக்குக் காது மடல் வரை சூடு ஏறிவிட்டது. சிவப்புச் சாக்கட்டி வட்டம் போட்டது போலவே இருந்தது. அதுவும் அவர் சொன்னது சரி என்பதுதான் தாங்க முடியவில்லை. சனியன், எப்போதும் சரியாகவே இருந்து தொலைக்கிறதே!

"எப்பவாவது நீங்க தப்பு பண்ணியிருக்கீங்களா, மிஸ்டர் துர்லோ?" என்று கேட்டாள்.

அவர் உண்மையிலேயே யோசித்துப் பார்த்தார். "ஐம்பத்து நாலுல ஒரு தடவை ரயில் நேரத்தைத் தப்பாப் பாத்தேன். ஆனா அது அட்டவணையோட தப்பு," என்றார்.

மூன்றாவது வாரமே அவருக்கு ஒரு சான்று அகப்பட்டுவிட்டது. ஒரு பண்ணையார் தன் தம்பிக்கு எழுதிய கடிதம். மைத்துனன் சீட்டாட்டத்தில் குதிரையை வைத்து ஆடிப் பந்தயத்தை ஏற்றிக்கொண்டே போய் நடந்து வீடு திரும்பினான் என்று புலம்பியிருந்தார். அந்தச் சொல் அதில் அப்படியே இருந்தது. தேதி 1563, ஜூன் 14. துர்லோ அதைத் துண்டுச் சீட்டில் எழுதிவிட்டு, மியூரியல் பார்க்கும்படி மேசையின் இந்த ஓரத்தில் காயவைத்தார். பென்சிலால் எழுதியது, காய்வதற்கு அதில் என்ன இருக்கிறது?

"அதுக்கு முன்னாடி கெடைக்காதுன்னு நெனைக்கிறேன்," என்றார். "ஆனாலும் தேடுங்க. தேடறது உடம்புக்கு நல்லது."

விட்டேனா பார் என்று கிளம்பினாள் மியூரியல். அவர் பெரிய மனிதர்களின் கடிதக் கட்டுகளைப் புரட்டினார். அவள் அந்தப் பக்கமே போகவில்லை. சீட்டாடுகிறவன் எங்கே மாட்டிக்கொள்வான்? பிரசங்க நேரத்தில் மதுக்கடையில் மாட்டிக்கொள்வான். பிரசங்கத்துக்குப் போகாதது அந்தக் காலத்தில் குற்றம், அதனால் தேவாலய நீதிமன்றத்துச் சாட்சி ஏடுகளை எடுத்துவரச் சொன்னாள். பெட்டி பெட்டியாக வந்தது. யார் யாரைத் திட்டினார்கள், எவள் எவனோடு போனாள், எந்தப் பாதிரி குடித்துவிட்டுப் பலிபீடத்தில் தூங்கினார், ஒன்று விடாமல் படித்தாள். கண்ணில் நீர் வழிந்தது. வீட்டில் ஸ்டான்லி தானே முட்டை வேகவைத்துச் சாப்பிட்டான். முட்டை வேகவைத்துக்கொள்ளும்படி ஆகிவிட்டதே என்று தினம் ஒரு தடவை சொல்லியும் காட்டினான்.

"ஒரு சொல்லுக்காக இவ்வளவா?"

"சொல்லுக்காக இல்ல ஸ்டான்."

"பின்ன?"

"உனக்குப் புரியாது. உன் காலிஃபிளவருக்கு யாரும் வட்டம் போட்டதில்லை."

மார்ச் மூன்றாம் வாரம், துர்லோ வராத ஒரு வெள்ளிக்கிழமை, கிடைத்தது. மார்கரி என்ற ஒரு நெசவுக்காரி கொடுத்த சாட்சியம். ஞாயிற்றுக்கிழமை பிரசங்க நேரத்தில் மதுக்கடைக்குப் பின்புறம் இரண்டு பேர் சீட்டாடினார்கள். ஒருத்தன் தொப்பியை வைத்தான், மற்றவன் அதற்கு மேல் செருப்பை வைத்தான், முதலாமவன் அதற்கும் மேல் சட்டையை வைத்தான். நெசவுக்காரி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, பிரசங்கத்துக்குப் போகாமல், முழு ஆட்டத்தையும் பார்த்திருக்கிறாள், மகராசி! மூன்று இடத்தில் அந்தச் சொல் வந்தது. ஏட்டின் தலையில் எழுத்தர் கையால் தேதி: 1563, பிப்ரவரி 9.

பிப்ரவரி. ஜூனுக்கு நாலு மாதம் முன்னால். மியூரியல் பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துவிட்டு, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அன்றே சீட்டு எழுதி, அன்றே தபாலில் போட்டாள்.

துர்லோவிடம் சொல்லப்போகும் அடுத்த செவ்வாய் வரை அவளால் தூங்க முடியவில்லை. இருபத்து இரண்டாம் தேதி, வாசிப்பு அறையில், சீட்டின் நகலை அவர் முன்னால் வைத்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். ஒரு தடவை, இரண்டாம் தடவை. ஏட்டைக் கொண்டுவரச் சொல்லி அதையும் படித்தார். பிழை தேடுகிறார் என்று தெரிந்தது. தேடட்டும்.

அவர் எழுந்தார். கையை நீட்டினார்.

"வாழ்த்துகள், மிஸஸ் கேட்ச்போல். நாலு மாசம். ஜெயிச்சுட்டீங்க."

ஆகா என்று மனம் குதித்திருக்க வேண்டும். குதித்தது, ஒரு மணி நேரம். திரும்பி வரும் பேருந்தில் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு வந்தபோது ஏதோ உறுத்தியது. இவ்வளவு சுலபமாகவா? 'அட்டவணையோட தப்பு' ஆசாமி, ஒரு முணுமுணுப்புக்கூட இல்லாமல் கையைக் கொடுத்துவிட்டாரே? போகட்டும், எனக்கென்ன என்று ரொட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை இருபத்தைந்தாம் தேதி. காலை ஏழரை மணி. மியூரியல் அடுப்பில் ஓட்ஸ் கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்தாள். எதிர்ப் பண்ணைக்குப் புதுக் குத்தகைக்காரன் குடிவந்துகொண்டிருந்தான். கட்டில், அலமாரி, கோழிக்கூடு எல்லாம் டிராக்டரில் குலுங்கிக்கொண்டு போயின. ஸ்டான்லி ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்தான்.

"பாத்தியா, சரியா மாதா திருநாள் அன்னிக்கு வந்து எறங்கறான். இன்னமும் குத்தகை மாத்தறதுன்னா இந்த நாள்தான்," என்றான். "பழைய காலத்துல புது வருஷமே இன்னிக்குத்தானாம்ல?"

கரண்டி நின்றது.

"என்ன சொன்னே?"

"புது வருஷம். எங்க தாத்தா சொல்லுவார். அப்பல்லாம் மார்ச் இருபத்தஞ்சுலதான் வருஷம் பொறக்குமாம். நீதானே வகுப்புல படிச்சுட்டு வந்து எனக்கும் சொன்னே?"

கஞ்சி பொங்கி அடுப்பில் வழிந்தது. மியூரியல் பார்க்கவில்லை. வகுப்பின் முதல் நாள், முதல் பக்கத்தில் எழுதிக்கொண்ட பாடம். அந்தக் காலத்தில் ஆண்டு ஜனவரியில் மாறாது. மார்ச் இருபத்தைந்து வரைக்கும் பழைய ஆண்டுதான். 1563 ஜூன் வரும், டிசம்பர் வரும், அதற்குப் பிறகு வரும் ஜனவரியும் பிப்ரவரியும்கூட 1563 என்றுதான் எழுதுவார்கள். ஆக அந்த நெசவுக்காரியின் பிப்ரவரி, பண்ணையாரின் ஜூனுக்கு நாலு மாதம் முன்னால் அல்ல. எட்டு மாதம் பின்னால்.

"ஐயோ, ஐயோ, என் புத்தியைச் செருப்பாலதான் அடிக்கணும்," என்று நாற்காலியில் விழுந்தாள். ஐந்து குளிர்காலம் படித்துவிட்டு, பனியில் சைக்கிள் மிதித்துவிட்டு, முதல் பாடத்தைக் கோட்டைவிட்டாள். ஜெயிக்கிற அவசரத்தில் கண் மறைத்துவிட்டது. வேறென்ன?

அடுத்த நொடி வேறொன்று உறைத்தது, அது இதைவிடக் கேவலமாக இருந்தது. துர்லோவுக்கு இது தெரியாமல் இருக்குமா? லத்தீன் வாத்தியார். ஏட்டை வாங்கி இரண்டு தடவை படித்தவர். தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் கையைக் கொடுத்திருக்கிறார். பாவம் சமையற்காரி, இந்த வயதில் சந்தோஷப்பட்டுவிட்டுப் போகட்டும் என்று விட்டுக்கொடுத்திருக்கிறார். குழந்தைக்கு மிட்டாய் கொடுப்பது போல.

"மியூரி, கஞ்சி..." என்றான் ஸ்டான்லி.

"கஞ்சி நாசமாப் போகட்டும்!"

அங்கேயே உட்கார்ந்து அகராதிக்குக் கடிதம் எழுதினாள். என் சீட்டில் தேதி பிழை, அது இன்றைய கணக்கில் 1564, திரு. துர்லோவின் சான்றே முந்தையது, மன்னிக்கவும். உறையை ஒட்டினாள். கோட்டை மாட்டிக்கொண்டு, வழியில் தபால் பெட்டியில் போட்டுவிட்டு, நேராகப் பள்ளிக்கூடத் தெருவுக்குப் போய் துர்லோவின் கதவை முஷ்டியால் தட்டினாள்.

அவர் கையில் ரொட்டித் துண்டோடு திறந்தார். கழுத்துப்பட்டையில் முட்டை ஒட்டியிருந்தது.

"மிஸஸ் கேட்ச்போல், மணி ஒம்போதுகூட ஆகலையே."

"என்னை என்னன்னு நெனச்சீங்க நீங்க? செவ்வாக்கிழமை எதுக்குக் கை குடுத்தீங்க?"

"ஜெயிச்சவங்களுக்குக் கை குடுக்கிறது மரியாதை."

"ஜெயிச்சவங்களாம்! இருபத்திரண்டு வருஷம் பசங்க முன்னாடி வட்டம் போட்டீங்க, பொறுத்துக்கிட்டேன். தப்புன்னீங்க, படிக்காதவள்னீங்க, அதையும் பொறுத்துக்கிட்டேன். ஆனா இது? பாவம் பாத்து விட்டுக்கொடுக்கிறதுக்கு நான் என்ன உங்க வீட்டுப் பாப்பாவா? உங்க பிச்சை எனக்கு வேணாம், மிஸ்டர் துர்லோ!"

எதிர் வீட்டுத் திரை விலகியது. அண்டா தேய்க்கும் வரை காத்திருக்காமல் பேச்சு அதுவாக வந்துகொண்டிருந்தது, அவளுக்கே ஆச்சரியம்.

துர்லோ ரொட்டியைப் பிடித்தபடி நின்றார். "பிப்ரவரி ஜூனுக்கு முந்தி வருது. இதுல பாவம் பாக்கிறதுக்கு என்ன இருக்கு?"

"மாதா திருநாள்!"

"ஆமா, இன்னிக்கு. அதுக்கென்ன?"

மியூரியல் அவர் முகத்தைப் பார்த்தாள். நடிக்கிறார் என்று நினைத்துப் பார்த்தாள். அந்த ஆளுக்கு நடிக்கத் தெரியாது. பிடிக்காத கஸ்டர்டைப் பிடித்தது போல ஒரு நாள்கூட அவர் சாப்பிட்டதில்லை. அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை. வகுப்புக்கு வந்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். அவருக்குத் தெரியவே தெரியாது. செவ்வாய்க்கிழமை நீட்டிய கை நிஜக் கை. அவள் அந்த மனுஷரை நிஜமாகவே மறுபேச்சில்லாமல் நிற்க வைத்திருந்தாள், கேட்டதெல்லாம் கிடைத்திருந்தது, அதை இப்போதுதான் தன் கையாலேயே தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

வாசற்படியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்துகொண்டே ஆண்டுக் கணக்கைச் சொன்னாள். அவர் விரலை மடக்கி எண்ணினார், ஜூன், ஜூலை என்று ஆரம்பித்து பிப்ரவரி வரை. கழுத்திலிருந்து சிவப்பு ஏறி நெற்றிக்குப் போயிற்று.

"அப்போ என்னுதுதான் முதல்," என்றார். குரலில் சந்தோஷம் இல்லை.

"ஆமா. எழுதியும் போட்டாச்சு."

"எதுக்குப் போட்டீங்க? நான் கண்டுபிடிச்சிருக்கவே மாட்டேனே."

"அது இப்பத்தானே தெரியுது எனக்கு!" என்று கத்தினாள். "விட்டுக்கொடுத்தீங்கன்னு நெனச்சேன்."

அவருக்கு அது நிஜமாகவே சுருக்கென்று தைத்தது. "விட்டுக்கொடுக்கிறதா? நானா? நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை, மிஸஸ் கேட்ச்போல். என் பையனோட பலகையில டிராஃப்ட்ஸ் காய் ஆடுவேன், ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை. ஏழு வயசுலேருந்து. ஒரு ஆட்டம்கூட விட்டுக்கொடுத்ததில்லை. எல்லாத்துலயும் தோத்தான். அவனை ஒரு ஆம்பளையா மதிச்சேன்."

"இப்ப எங்க அவன்?"

"லீட்ஸ்ல. வர்றதில்லை."

"கடிதாசி?"

"கிறிஸ்மஸுக்கு கார்டு வரும். மருமகள் கையெழுத்துல."

மியூரியலுக்குக் கோபம் போகவில்லை, ஆனால் அது வேறு பக்கம் திரும்பியது. "அட மனுஷா, ஒரே ஒரு தடவை அந்தப் பிள்ளையை ஜெயிக்க விட்டிருந்தா என்ன கொறைஞ்சுபோயிருக்கும் உங்களுக்கு?"

"நீங்க இப்ப எதுக்கு வந்து கத்தினீங்க? விட்டுக்கொடுத்தேன்னுதானே?"

"எனக்கு அறுபத்து மூணு வயசு. அவனுக்கு ஏழு. இந்த வித்தியாசம்கூடவா தெரியாது ஒருத்தருக்கு?"

அவர் வாயைத் திறந்தார். இதோ வரப்போகிறது லத்தீன் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. அவர் கையிலிருந்த ரொட்டியைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார்.

"தெரியலை," என்றார். "எனக்குத் தெரியலை, மிஸஸ் கேட்ச்போல்."

இருபத்திரண்டு வருஷம் சமையற்கூடத்திலும் அப்புறம் வாசிப்பு அறையிலும் அவள் இந்த வார்த்தைக்காகத்தான் காத்திருந்தாள். இப்போது அது வந்து நின்றது, வயதான ஒரு ஆளின் வாயில், முட்டை ஒட்டிய கழுத்துப்பட்டைக்கு மேலே. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளுக்கும் தெரியவில்லை. தெருமுனையில் ஒன்பது இருபது பேருந்து வந்து, யாரும் ஏறாததால் நிற்காமல் போயிற்று. அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார், அவள் படியில் உட்கார்ந்திருந்தாள்.